பேண்டு கோட்டில் ஒரு கைது

உங்களில் நாலைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, டீயும் மிக்சரும் முடியும் முன்பே, "ஐயா, வண்டியை விரட்டிப் பிடிச்ச கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கு மூட்டு வலி. சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். சுருக்கமாகச் சொன்னதன் பலன், ஐயா ஒரு காலத்தில் பேண்டு வாசித்துத் திருடனைப் பிடித்தாராம் என்று ஸ்டேஷன் முழுக்கச் சிரிப்பாகச் சிரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரியுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நடந்ததும் ஏறக்குறைய அதுதான். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. ஆவடிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் நான் சப் இன்ஸ்பெக்டர். எங்களுக்கு ஒரு ஜீப் இருந்தது. காலையில் நாலு பேர் தள்ளினால் கிளம்பும், கிளம்பிவிட்டால் பிறகு குறை சொல்ல முடியாது. அதை ஓட்டிய கான்ஸ்டபிளுக்கு என் வயசுதான். ஜீப்புக்கும் சேர்த்துக் கோபப்படுகிற ஆள். முன்னால் ஒரு வண்டி போனால் அதை முந்தாமல் அவனுக்குச் சோறு இறங்காது. நல்ல மனுஷன், ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டால் வேறு ஆளாகிவிடுவான்.

ஒரு முகூர்த்த நாள் காலை. ஜீப் வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்தது. சேக்காட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் கல்யாணம். பெண்ணைப் பூந்தமல்லியில் இருக்கிற கோயிலுக்கு, சர்ச்சைத்தான் சொல்கிறேன், அழைத்துப் போக வாடகைக்கு எடுத்த வெள்ளை அம்பாசடர், பூ அலங்காரம் முடிந்து வாசலில் நின்றதாம். டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் வண்டி இல்லை. அடி விழும் என்று பயந்து டிரைவரும் இல்லை.

நாங்கள் ஆவடி சந்திப்புக்கு வந்தோம். அங்கே டிராபிக் பார்த்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளிடம், இந்தப் பக்கம் கல்யாண வண்டி ஏதாவது போச்சா என்று கேட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான் சார் போச்சு, பூந்தமல்லி ரோட்ல. நல்ல நேரம் தப்பக் கூடாதேன்னு பஸ்ஸையே நிறுத்தி வழி விட்டேன்" என்றார். என் டிரைவர் வாய்க்குள் என்னமோ சொன்னான், அதை எழுத முடியாது. அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? நம் ஊரில் ஆம்புலன்சுக்கு ஒதுங்காதவன்கூட பூக் கட்டிய வண்டிக்கு ஒதுங்குவான். திருடனும் அதைக் கணக்குப் பண்ணித்தான் எடுத்திருக்கிறான். பிறகு விசாரணையில் பெருமையாகவே சொன்னான்: "கல்யாண வண்டியை எவன் சார் நிறுத்தி லைசென்ஸ் கேக்கப் போறான்?"

பருத்திப்பட்டு தாண்டும்போது வண்டி கண்ணில் பட்டது. பின் கண்ணாடி தெரியாத அளவுக்குப் பூ. டிரைவர் சைரனைப் போட்டு மிதித்தான். அம்பாசடரும் பறந்தது. அந்தக் காலத்து பூந்தமல்லி ரோடு உங்களுக்குத் தெரியாது. எதிரில் ஒரு பஸ் வந்தால் ஒரு சக்கரம் மண்ணில் இறங்க வேண்டும். அவன் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக அலைந்து ஓட்ட, ஒரு தயிர்க்காரர் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கினார். அம்பாசடரிலிருந்து மல்லிகைச் சரம் அறுந்து அறுந்து வந்து எங்கள் கண்ணாடியில் ஒட்டியது. பானெட்டில் கட்டியிருந்த பொம்மை பிய்த்துக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், அதுவரை எனக்கும் குஷியாகத்தான் இருந்தது.

அப்போது மறுபடி மைக் கூப்பிட்டது. ஸ்டேஷன் ஏட்டு பேசினார். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. ராத்திரி பூரா பிரியாணி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவர், காலையில் கொஞ்சம் கண்ணயரலாம் என்று அந்தக் கார் பின் சீட்டில் போய்ப் படுத்ததைச் சமையல்காரர் பார்த்திருக்கிறார். ரயில் இன்ஜின் ஓட்டி ரிட்டயரான மனுஷர். இதய நோய். டாக்டர் அதிர்ச்சி எதுவும் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

இருந்த குஷியெல்லாம் அதோடு போயிற்று. மடியில் அந்தப் பொம்மை வேறு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் தம்பிகளா, தங்கைகளா, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டிரைவர் இன்னும் வேகமாகப் போகலாம் என்றான். கோவர்த்தனகிரி வளைவில் முந்தி, குறுக்கே போட்டு மடக்கிவிடுகிறேன், ஒரே ஒரு சான்ஸ் கொடுங்கள் என்று கெஞ்சினான். அவனால் முடியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் குறுக்கே போட்டால் அம்பாசடர் நிற்குமா, புளியமரத்தில் மோதுமா என்று யாருக்குத் தெரியும்? நான் திருடன் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். வண்டி எடுக்க வந்தவன், ஆளை எடுக்க வந்தவன் இல்லை. பின்னால் ஒரு கிழவர் இருப்பது தெரிந்தால் முதல் வேலையாக அவரை எங்கேயாவது இறக்கிவிடத்தான் பார்ப்பான். இறக்க வேண்டும் என்றால் நிறுத்த வேண்டும். நாம் பின்னால் கத்திக்கொண்டு வரும்வரை அவன் எப்படி நிறுத்துவான்?

சைரனை நிறுத்தச் சொன்னேன். ஓரமாக ஜீப்பையும் நிறுத்தச் சொன்னேன். டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டி அவனை விட்டுவிட்டுப் போகிறது.

இன்ஸ்பெக்டர் மைக்கில் வந்தார். பிடித்தாயிற்றா என்று கேட்டார். இல்லை ஐயா, விட்டுவிட்டேன் என்றேன். காரணத்தைச் சொன்னேன். "சரிய்யா. அந்தப் பெரியவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் சட்டையை நீயே கழட்டிக் குடுத்துடு, நான் வந்து கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மிரட்டலில்கூட ஒரு மரியாதை இருந்தது. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

விட்டாயிற்று. இனி என்ன செய்வது? பெரியவரை அவன் இறக்கிவிடும் இடத்தில் நான் இருக்க வேண்டும். ஆனால் காக்கியும் ஜீப்பும் அவன் கண்ணில் படக் கூடாது. மண்டையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது, ஆவடிப் பக்கமிருந்து ஒரு மெட்டடோர் வேன் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. பேண்டு செட் வேன். உள்ளே சிவப்புக் கோட்டும் தங்க ஜரிகையுமாக வாத்தியக்காரர்கள், கல்யாண வீட்டு ஆட்கள் சிலர், முன் சீட்டில் வெள்ளைப் புடவையில் மணப்பெண். கையில் பூங்கொத்தை முருங்கைக்காய்க் கட்டு மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பெண்ணின் அண்ணன் குதித்து இறங்கினான். "அப்பாவைத் தூக்கினு போறான், நீங்க இன்னா சார் இங்க நின்னுகினு காத்து வாங்குறீங்க?" என்று எகிறினான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். நான் விளக்கினேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை. அந்தப் பெண்தான் கேட்டுக்கொண்டாள்.

"சார், எங்கப்பா இல்லாம நான் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன். நீங்க எது சொன்னாலும் செய்றோம்" என்றாள்.

அந்த வேனைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. கல்யாண வண்டிக்குப் பின்னால் பேண்டு வேன் வந்தால் எந்தத் திருடன் சந்தேகப்படுவான்? தாளத் தட்டு அடிப்பவரின் கோட்டையும் தொப்பியையும் கேட்டு வாங்கி, காக்கிக்கு மேலே மாட்டிக்கொண்டேன். அவர் பனியனோடு சீட்டுக்கு அடியில் உட்கார்ந்தார். என் டிரைவரும் ஒரு கோட்டை முயற்சி செய்து பார்த்தான், பொத்தான் போடும்போதே தையல் விட்டது. நீ ஜீப்பில் தூரத்தில் வா, கண்ணில் படாதே என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். அண்ணனிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். என்ன நடந்தாலும் திருடன் மேல் கை வைக்கக் கூடாது, அப்பாவுக்கு எதுவும் தெரியக் கூடாது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.

இதற்கிடையில் அந்தக் காருக்குள் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. பிறகு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள், ஒரு வார்த்தை மாறவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் சத்தத்திலேயே ஆயுசைக் கழித்தவர் என்பதால் பெரியவர் சைரனுக்கெல்லாம் எழுந்திருக்கவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோதுதான் முழித்திருக்கிறார். எழுந்து உட்கார்ந்ததும், "இன்னா நைனா சத்தம் பின்னால?" என்று கேட்டிருக்கிறார். கண்ணாடியில் திடீரென்று ஒரு மீசையைப் பார்த்த திருடனுக்கு உயிரே போய்த் திரும்பியிருக்கிறது. ஃபயர் இன்ஜின் என்று சொல்லியிருக்கிறான். அதே சமயம் நான் சைரனை நிறுத்தினேன். எங்கேயோ அணைத்துவிட்டார்கள் போல என்று பெரியவரும் நம்பிவிட்டார். அடுத்த கேள்வி, பொண்ணு எங்கே? அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னான்: "பின்னாடி வேன்ல வருது பெர்சு, நீங்க படுங்க."

படுப்பாரா? பெண்ணை விட்டுவிட்டு அப்பன் மட்டும் காரில் போய்க் கோயில் வாசலில் இறங்கினால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பிடித்துக்கொண்டார். வேன் வரட்டும், மெதுவாகப் போ என்று கட்டளை. கல்யாண வண்டியை கூட்ஸ் வண்டி மாதிரி உலுக்கிக்கொண்டு ஓட்டாதே என்று திட்டு. பள்ளம் பார், பிரேக்கை முன்கூட்டியே தொடு என்று பாடம். திருடனும், போலீஸ்தான் இல்லையே, கிழவரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் பெங்களூர் ரோட்டைப் பிடித்துவிடலாம் என்று, அவர் சொன்னபடியே ஓட்ட ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்னவென்றால், சென்னீர்குப்பம் தாண்டியதும் அந்த வெள்ளை அம்பாசடர் சைக்கிள் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, சீக்கிரம் வாருங்கள் என்று எங்களைக் கூப்பிட்டது. பெண் "அப்பா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. பாதிதான் இறங்கியது.

கரையான்சாவடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கார் ஓரமாக நின்றது. வேனும் நின்றது. பெரியவர் தலையை வெளியே நீட்டி, பொண்ணை ஏன் வேனில் ஏற்றினீர்கள், இந்த வண்டிக்குக் கூட்டி வாருங்கள் என்று சத்தம் போட்டார். அதோடு விட்டாரா? "பேண்டு எதுக்குக் கூட்டியாந்தோம், வேடிக்கை பாக்கவா? முன்னால வந்து வாசிங்கய்யா" என்றார்.

பேண்டு மாஸ்டர் என்னைப் பார்த்தார். வாசியுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். எல்லோரும் இறங்கிப் போய்க் காருக்கு முன்னால் வரிசையாக நின்று ஆரம்பித்தார்கள். நானும் தாளத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அடிக்கத் தெரியாவிட்டால் சும்மா நிற்க வேண்டியதுதானே? நிற்கவில்லை, அடித்தேன். மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே என்னை முறைத்தார். அந்த முறைப்பில் என் தாளம் இன்னும் தப்பியது. அடித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவனுக்கு முப்பதுக்குள்தான் வயசு இருக்கும். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, சுத்தமான வெள்ளைச் சட்டை, அசல் வாடகைக் கார் டிரைவர் மாதிரி. தப்புத் தாளம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காகத் திரும்பினான். அவன் கண் என் கோட்டைப் பார்த்தது, கீழே இறங்கியது, என் காலில் நின்றது. கோட்டும் தொப்பியும் மாற்றியவன் காலை மறந்திருந்தேன். காக்கிக் கால்சட்டைக்குக் கீழே போலீஸ் பிரவுன் பூட்ஸ், காலையில் பாலிஷ் போட்டது, முகம் பார்க்கலாம்.

அவன் கை கியருக்குப் போனது. முன்னால் பேண்டுக்காரர்கள் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் பெரியவர். என் இடுப்பில் ரிவால்வர் இருந்தது, மூன்று பொத்தானுக்கும் ஒரு ஜரிகைப் பட்டைக்கும் உள்ளே. எடுத்திருந்தாலும் பெரியவர் நெஞ்சு அங்கேயே நின்றிருக்கும். எனக்கு மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான்.

குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அவருக்கு நெஞ்சு வலி இருக்குப்பா. வண்டி திருடினது அவருக்குத் தெரியாது. தெரிய வேணாம். சாவியைக் குடு."

அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பெரியவர் பேண்டுக்கு ஏற்றபடி தொடையில் தட்டிக்கொண்டு, மகள் நடந்து வருவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவன் ஒரு மூச்சு விட்டான். சாவியைத் திருப்பி எடுத்து என் கையில் வைத்தான். "பெர்சு, நான் கெளம்பறேன். இவரு ஓட்டுவாரு" என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அண்ணன் முஷ்டியை மடக்கிக்கொண்டு வந்தான். நாலு எட்டு வைத்தவன், ஜன்னலில் அப்பா முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் திருடன் தோளில் கை போட்டு, சொந்தக்காரனை அழைத்துப் போவது மாதிரியே வேனுக்குப் பின்னால் கூட்டிப் போனான். அங்கே என் டிரைவர் ஜீப்போடு வந்து நின்றிருந்தான். கூட்டம் கூடி, திருடன் என்று ஒரு குரல் எழுந்திருந்தால் அவன் எலும்பை நாங்கள் பொறுக்கியிருக்க வேண்டும். கைது செய்த நிமிஷத்திலிருந்து அவன் உயிருக்கு நீங்கள் பொறுப்பு. அதை அன்றைக்கு எனக்காகப் பார்த்துக்கொண்டது அந்தப் பெரியவரின் நெஞ்சு வலி.

மணப்பெண் ஏறி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். காரை யார் ஓட்டுவது? அசல் டிரைவர் ஓடிப்போய்விட்டான். நான்தான் உட்கார்ந்தேன், சிவப்புக் கோட்டோடு. எனக்குப் பழக்கம் ஜீப். அம்பாசடரில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் கியர் போட்டால் பின்னால் போகிறது, இரண்டாவது போட்டால் அலறுகிறது. கோயில் வரைக்கும் கொஞ்ச தூரம்தான், அதற்குள் மூன்று தடவை இன்ஜின் அணைந்துவிட்டது. தூரத்தில் ஜீப்பில் வந்த திருடன் அத்தனையும் பார்த்திருக்கிறான். பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காத நைனா," என்றார். "உனக்கு பேண்டும் வரல, வண்டியும் வரல. முன்னால ஓட்டினு வந்தான் பாரு, அவன் டிரைவரு. சொன்னா கேட்டுக்கினான், சும்மா வெண்ணெ மாதிரி இருந்துச்சு."

பெண் தலை குனிந்து தோள் குலுங்கச் சிரித்தாள். கோயில் வாசலில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அந்தப் பார்வைக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு மகனே பக்குவமாகச் சொல்லியிருக்கிறான். எல்லோரும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களாம். பெரியவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லையாம். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் வந்தது. எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். இல்லையாம், உள்ளே இருக்கிறவனுக்காம்.

வழக்கு பூந்தமல்லி கோர்ட்டுக்கு வந்தது. பெரியவர் சாட்சி. கூண்டில் நிற்கிறவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். இவர்தான் அன்றைக்கு வண்டியை ஓட்டினாரா? "ஆமாங்கய்யா. திருடுனது தப்புதான், அதுக்கு நீங்க குடுக்கறதைக் குடுங்க. ஆனா ஆயுசு பூரா இன்ஜின் ஓட்டுனவன் சத்தியம் பண்ணிட்டு சொல்றேன், நல்லா ஓட்டுனான்." மாஜிஸ்திரேட் குனிந்து எதையோ எழுதுவது மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டார். கூண்டில் நின்றவன் அதுவரை எதற்கும் அசையாதவன். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தண்டனை ஆனது. வெளியே அவனைப் போலீஸ் வேனில் ஏற்றும்போது பக்கத்தில் நின்றேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவனே படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான். முதலில் என் பூட்ஸைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா சார்," என்றான், "கியரு இப்பவாச்சும் ஒயுங்கா வுயுதா?"